பதினெட்டா, பத்தொன்பதா

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் என்ன செய்வார்? காலையில் நடப்பார், மாலையில் டிவி பார்ப்பார், நடுவில் கிடைக்கிற நேரத்தில் மனைவியோடு சண்டை போடுவார். ரிம்மக்காவின் அப்பா என்ன செய்தார் தெரியுமா? அறுபத்தோரு வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பழைய கார்தான். ஆனால் செக்கச்செவேலென்று, தரையோடு தரையாக, இரண்டே இரண்டு சீட்டோடு.

"முப்பத்தஞ்சு வருஷம் அம்பது பேரை ஏத்திக்கிட்டு ஓட்டினேன். இனிமே ஒரே ஒருத்தரைத்தான் ஏத்துவேன்," என்றார்.

அந்த ஒருத்தர் அம்மா. அவள் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல ஏறணுமா, இறங்கணுமா? கிணத்துல கால் விடுற மாதிரி இருக்கு," என்றாள். சொல்லிக்கொண்டே உள்ளே இறங்கி உட்கார்ந்தும் கொண்டாள்.

ரிம்மக்கா என்பது தெரு வைத்த பெயர். நசுங்கிய ரிம்மை நிமிர்த்துவது, டயர் மாட்டுவது, அலைன்மெண்ட் பார்ப்பது, இதுதான் அவள் தொழில். மெயின் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே நுழைந்தாலே ரப்பர் வாசனை மூக்கில் ஏறும், கம்ப்ரெசர் நிமிஷத்துக்கு ஒரு தடவை பெருமூச்சு விடும். பத்து வருஷமாக ரிம்மோடு மல்லுக்கட்டி, ரிம்மைப் பார்த்தே ஓட்டுகிறவரின் லட்சணத்தைச் சொல்லும் அளவுக்கு வந்திருந்தாள்.

"குழியில விட்டுட்டேம்மா," என்று யாராவது வந்து நிற்பார்கள்.

"குழியில விழுந்தா ஒரே இடத்துல நசுங்கும் சார். இது விளிம்பு பூரா சுத்திக் கீறியிருக்கு. பிளாட்பாரக் கல்லுல தேச்சிருக்கீங்க. போன் பேசிக்கிட்டே ஓட்டினீங்களா? ரிம் பொய் சொல்லாது சார், ஓட்டுறவங்கதான் சொல்லுவாங்க."

வந்தவர் அசடு வழிவார். ஊருக்கெல்லாம் இப்படி ஜோசியம் சொன்னவள்தான். சொந்த அப்பாவின் ரிம் நாலு மாதத்தில் மூன்று தடவை அவள் மேஜைக்கு வந்தது. மூன்று தடவையும் இடது பக்கம். மூன்று தடவையும் விளிம்பு சுற்றிலும் கீறல். அவளுக்கு என்ன தோன்றியது? "இந்த வயசுல ஸ்டைல் காட்டிக்கிட்டு ஓரமா ஒடிச்சுத் திருப்புறாரு" என்று தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை. விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

நாலாவது தடவை ரிம் நிமிர்த்த முடியாதபடி விரிசல் விட்டு வந்தது. ஒற்றை வீல் தனியாகக் கிடைக்காது, நாலையும் மாற்றியாக வேண்டும். அங்கேதான் ஆரம்பித்தது சண்டை.

அந்தக் காருக்கு இரண்டு அளவு பொருந்தும். பதினெட்டு இன்ச், பத்தொன்பது இன்ச். வீலின் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். ரிம் பெரிதானால் அதைச் சுற்றியுள்ள ரப்பர் மெலியும். பத்தொன்பது பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் ரோட்டில் ஒரு கல் கிடந்தாலும் இடுப்புக்குச் செய்தி போய்விடும். பதினெட்டில் ரப்பர் தடிமன், மெத்தைபோலப் போகலாம். அப்பா இதுவரை ஓட்டியது பத்தொன்பது. அவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. இன்னொரு தடவை அந்த எலும்பு நகர்ந்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரிம்மக்காவுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

"பதினெட்டு போட்டுக்கலாம்ப்பா. உங்க முதுகை நினைச்சுப் பாருங்க."

"பத்தொன்பது."

"ரிம்மும் அடி வாங்காது. ரப்பர் தாங்கிக்கும்."

"பத்தொன்பதுன்னா பத்தொன்பது. ரோடு எனக்குக் கையில தெரியணும்மா. மெத்தை வேணும்னா வீட்டுல படுத்துக்க மாட்டேனா?"

"அப்படி என்னதான் இருக்கு ரோட்டுல? தொட்டுப் பார்த்து முத்தம் கொடுக்கப் போறீங்களா?"

அப்பா சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற மனுஷன், அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடாத மனுஷருக்குப் பிறந்த பெண் வேறெப்படி இருப்பாள்? அவளும் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். பதினெட்டைப் போட்டுவிட்டு, பத்தொன்பது என்று சொல்லிவிடுவது.

முடியுமா என்றால், முடியும். ரிம்மின் அளவு என்பது டயர் உள்ளே உட்கார்கிற இடத்தின் அளவு. வெளி விளிம்பு அதைவிட அரை இன்ச், அரை இன்ச் இரண்டு பக்கமும் தள்ளி நிற்கும். இது தெரியாமல் விளிம்புக்கு விளிம்பு டேப் வைத்து அளந்துவிட்டு, "பதினெட்டு கேட்டா பத்தொன்பதைத் தலையில கட்டிட்டீங்களே" என்று சண்டைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொருவருக்கும் பாடம் எடுத்துத் தொண்டை வறண்டவள் அவள். அந்தத் தப்பு இன்றைக்கு அவளுக்கே உதவட்டுமே! அப்பா டேப்பைக் கொண்டுவந்தாலும் பத்தொன்பதுதான் காட்டும். டயரில் அச்சடித்த எழுத்தோ கறுப்பில் கறுப்பு, அதை யார் குனிந்து படிக்கப்போகிறார்கள்?

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அம்மா காரில் ஏறினால் வாய் ஓயாது. "முன்னாடி சைக்கிள் போகுது. சிவப்பு விழுந்துடுச்சு. வேகத்தடை வருது, மெதுவா." இப்படியே போகிற இடம் வரைக்கும். "அம்மா, அவரு முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டினவரு. நீ கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வரக்கூடாதா?" என்று ரிம்மக்கா கிண்டல் செய்வாள். "பழகிடுச்சும்மா," என்பாள் அம்மா.

ரிம்மக்காவின் மகள், எட்டு வயதுப் பாப்பா, பாட்டியையும் மிஞ்சியவள். ரிம்மக்காவின் வீடு அடுத்த தெருவில். செவ்வாய்க்கிழமை தோறும் நீச்சல் வகுப்புக்குத் தாத்தாதான் அங்கே வந்து காரில் கூட்டிப்போவார். பாப்பா கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு ஏறுவாள். "நான்தான் தாத்தாவோட கண்டக்டர்!" என்று தெருவே கேட்கச் சொல்வாள். வாசலில் நின்று கையாட்டிச் சிரிப்பாள் ரிம்மக்கா. போன செவ்வாய்க்கிழமையும் சிரித்தாள்.

வேலை முடிந்த நாளும் செவ்வாய்தான். மதியம் இரண்டு மணி. நாலு வீலும் மாட்டியாகிவிட்டது. அதே ஐந்து கை டிசைன், அதே வெள்ளி நிறம். அளவுதான் பதினெட்டு. ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு, அவளே போட்ட சட்டம்: அளவை எழுதாமல் ஒரு டயரும் ஸ்டோரை விட்டு வெளியே வரக்கூடாது. எப்போதோ ஸ்டோர்க்காரர் அளவு மாற்றிக் கொடுத்து வம்பானதிலிருந்து வந்த சட்டம். அவர் வாங்கிக்கட்டிக்கொண்டதை மறக்காதவர். மஞ்சள் சாக்பீஸால் டயரின் பக்கவாட்டில் நாலு விரல் உயரத்துக்கு, சிலேட்டில் எழுதுவதுபோல அழுத்தி எழுதுவார். வண்டி வெளியே போகும்முன் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

மூன்று டயரைத் துடைத்திருப்பாள். அதற்குள் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அப்பாவும் அம்மாவும் இறங்கினார்கள். துணியைப் போட்டுவிட்டு எதிரே போனாள்.

"பத்தொன்பதுதானே?" இதுதான் அப்பாவின் முதல் வார்த்தை.

"பத்தொன்பதேதான்," என்றாள் ரிம்மக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"பாத்துட்டாப் போச்சு."

அவர் காரின் மேல் கைவைத்துத் தடவிக்கொண்டே நடந்து, இடது பக்க முன் வீலுக்குப் போனார். பழைய ரிம் விரிசல் விட்ட இடம் அதுதானே, அங்கேதான் போவார். ஸ்டோர்க்காரர் மரியாதையாக டேப்பை நீட்டினார்.

"டேப் எதுக்குய்யா? என் சாண் ஒன்பதரை இன்ச். பஸ் ஸ்டியரிங்கையே சாண் போட்டு அளந்தவன் நான்," என்று சொல்லி, ஒரு முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் ரிம்மக்கா அதைப் பார்த்தாள். அவர் மூக்குக்கு நேரே, கறுப்பு டயரில், மஞ்சள் சாக்பீஸில், நாலு விரல் உயரத்துக்கு: 18.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. துடைக்கவில்லை! மூன்றைத் துடைத்து நாலாவதை விட்டுவிட்டாள்! ஓடிப்போய் மறைக்கவும் வழியில்லை. ஸ்டோர்க்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவளின் கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். அப்பாவின் கோபம் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

அப்பா விளிம்பில் கட்டைவிரலை ஊன்றி ஒரு சாண் போட்டார். அங்கிருந்து இன்னொரு சாண். எதிர் விளிம்பில் சுண்டுவிரல் சரியாகப் போய் முட்டியது. அந்தக் கை போகிற வழியில் மஞ்சள் எழுத்து இரண்டு அங்குலம் தள்ளித்தான் இருந்தது.

"பத்தொன்பது!" என்று தொடையில் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "என் பொண்ணு சொன்ன சொல் தவற மாட்டா. பாத்துக்கய்யா!"

அப்பாடா! ரிம்மக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு மூச்சு சந்தோஷமாக இழுத்தாள். தப்பித்தோம், மனுஷர் கவனிக்கவே இல்லை. அந்த மூச்சை வெளியே விடுவதற்குள் இன்னொன்று உறைத்தது.

கவனிக்கவில்லையா? மூக்குக்கு நேரே இருப்பதையா?

வாய் அவளைக் கேட்காமலே பேசியது. "அப்பா, அந்த டயர்ல ஸ்டோர் அண்ணன் அளவு எழுதிருக்காரு. சரியா இருக்கான்னு பாருங்களேன்."

அப்பா குனிந்து பார்த்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பத்தொன்பதுன்னு எழுதிருக்காரு. சரிதானே? நீ எழுதச் சொன்னதை என்கிட்ட கேக்குறியா?"

ஸ்டோர்க்காரரின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. அவர் எழுத்தைப் பார்த்தார், ரிம்மக்காவைப் பார்த்தார், பிறகு மேலே தகரக் கூரையைப் பார்த்தார்.

"என்ன, என்ன எழுதிருக்கு?" என்று அம்மா அவசரமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். தினமும் காலையில் அப்பாவுக்குப் பேப்பர் படித்துக்காட்டுகிற அம்மா. அவருக்குச் சோம்பல், இவளுக்குப் பொழுதுபோக்கு என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த வழக்கம். அம்மா குனிந்து எழுத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது.

"ஆமா, பத்தொன்பதுதான் எழுதிருக்கு," என்றாள் அம்மா. "நேரமாச்சு, வாங்க போலாம்."

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்பது ஒரு இடி. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அதற்கு மேலே விழுந்த இடி. இந்த இரண்டு பேரும் இந்தச் சிவப்புக் காரில் எத்தனை நாளாக, எத்தனை சிக்னலைத் தாண்டி, எத்தனை பள்ளிக்கூட வாசலைக் கடந்து! இடது பக்க ரிம் மூன்று தடவை அவள் கைக்கு வந்து கத்தாத குறையாகச் சொன்னதே. அவள்தானே காதில் வாங்கவில்லை?

அப்பா உள்ளே இறங்கி உட்கார்ந்து காரைக் கிளப்பி இரண்டடி நகர்த்திவிட்டார். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டில். ரிம்மக்கா ஓடிப்போய்ப் பானெட்டின் முன்னால் நின்றாள்.

"என்னங்க, முன்னாடி நிக்கிறா," என்றாள் அம்மா, மெல்ல.

"தெரியுது, தெரியுது. என்னம்மா?"

"இறங்குங்கப்பா."

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்."

"பதினெட்டுப்பா. நான் போட்டது பதினெட்டு. உங்க முதுகுக்காக ஏமாத்தினேன். டயர்ல எழுதிருக்கறதும் பதினெட்டுதான். மஞ்ச சாக்பீஸ்ல, நாலு விரல் உயரத்துக்கு."

"அப்பனையே ஏமாத்துவியா நீ? கேட்டதுக்குக் கண்ணைப் பாத்துப் பொய் சொல்லிட்டு, இப்ப வந்து..." என்று ஆரம்பித்த குரல் பாதியிலேயே நின்றது. தான் எதைப் படித்ததாகச் சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். என்ஜினை அணைத்தார்.

கம்ப்ரெசர் ஒரு தடவை பெருமூச்சு விட்டது.

"மஞ்சளா ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது," என்றார் அப்பா, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "எழுத்துன்னு தெரியல."

"எத்தனை நாளாப்பா?"

"ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம்தான். பஸ்ல இருந்தப்ப இல்ல, சத்தியமா இல்ல. நடுவுல மட்டும் அழிச்சு விட்ட மாதிரி இருக்கும். ஓரம் எல்லாம் நல்லாத் தெரியும். மருந்து போட்டாலும் போனது திரும்ப வராது, வண்டியைத் தொடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எப்ப சொன்னாரு?"

அம்மாதான் சொன்னாள். "கார் வாங்கறதுக்கு முந்தின வாரம்."

ரிம்மக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அய்யோ அப்பா! தெரிஞ்சேவா வாங்கினீங்க?"

"முழுசாப் போறதுக்குள்ள, எனக்குன்னு ஒரு வண்டியை ஓட்டிப் பாத்துடணும்னு ஒரு வெறி. முப்பத்தஞ்சு வருஷமும் ஊரான் வண்டிதானே?" அப்பாவின் பெரிய கை ஸ்டியரிங்கின் மேல் அசையாமல் கிடந்தது. "அதான் பத்தொன்பது கேட்டேன். ரப்பர் மெலிசா இருந்தா, ரோட்டோரக் கோட்டு மேல ஏறினதும் கையில கிர்ருனு தெரியும். திரும்பிக்குவேன். உன் மெத்தையில அது தெரியாது. இப்ப ரெண்டடி நகர்த்தினேன் பாரு, ரோடு ஊமையாப் போச்சு."

கையில தெரியணும் என்று அவர் சொன்னதைக் கிண்டல் செய்தாளே! கண்ணுக்குப் பதிலாகத்தான் அந்த மெல்லிய ரப்பரைக் கேட்டார் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பதினெட்டை மாட்டிக் காப்பாற்றுவதாக நினைத்து, இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் பிடுங்கி அனுப்பப் பார்த்திருக்கிறாள். பக்கத்துச் சீட்டில் அம்மாவையும் வைத்து.

"மத்ததை நான் சொல்லிடுவேன்," என்றாள் அம்மா, தலை குனிந்தபடி. "சைக்கிள், சிக்னல் எல்லாம். நான் இல்லாம வண்டியை எடுக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்."

நான் இல்லாமல். ரிம்மக்காவுக்கு அந்த வார்த்தை எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. இரண்டே சீட்டு. செவ்வாய்க்கிழமை.

"அப்பா," என்றாள். "பாப்பாவைக் கூட்டிட்டுப் போவீங்களே. அப்ப அம்மா இருக்க மாட்டாங்களே."

அம்மா சட்டென்று திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கே இது தெரிந்திருக்கவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. "பாப்பாவை டாக்ஸியிலதானே கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க? நான் மாடிக்குத் துணி காயப்போடப் போற நேரத்துல வண்டியை எடுத்தீங்களா?"

"பாப்பா கெட்டிக்காரி," என்றார் அப்பா.

"அப்பா!"

"விசில் ஊதும். சிவப்பு விழுந்தா ஒண்ணு. பச்சை விழுந்தா ரெண்டு. குறுக்கே யாராவது வந்தா நீளமா ஊதும். ஒரு தடவைகூடத் தப்பு பண்ணல."

ரிம்மக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிரீஸ் ஒட்டுகிறதா, தண்ணீர் ஒட்டுகிறதா, எதுவும் தெரியவில்லை. எட்டு வயது. பல் விழுந்து முளைக்காத வாய். அந்த வாயில் இருந்த விசிலின் மேல் ஒரு காரும் இரண்டு உயிரும், ரோட்டில் எதிரே வந்த அத்தனை பேரும் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் வாசலில் நின்று கையாட்டிச் சிரித்திருக்கிறாள்.

"பாவி மனுஷா," என்றாள் அம்மா. கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கதவைத் திறந்து, தடுமாறி மேலே ஏறி வெளியே வந்து, மகளின் பக்கத்தில் அவளும் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டு அழுதாள்.

அப்பா காருக்குள்ளேயே இருந்தார். ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி, வீல்களை நேராக வைத்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கியரை நியூட்ரலில் தள்ளி, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். டிப்போவில் ஷிப்ட் முடிந்து அடுத்த டிரைவரிடம் பஸ்ஸை ஒப்படைக்கும்போது முப்பத்தைந்து வருஷமும் அவர் இதைத்தான் செய்திருப்பார். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, காரைத் தடவியபடியே முன்னால் வந்தார். இடது வீலின் அருகே நின்றார். குனிந்து, மஞ்சள் எழுத்தின் மேல் கையை வைத்தார். நாலு விரலும் சேர்ந்து எழுத்தை மூடின.

"இவ்வளவு பெருசாவா எழுதிருக்கு?" என்றார்.

"ஆமாப்பா."

கையைத் தூக்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரக்கண்ணால் விரலில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்தார். பிறகு சாவியை ரிம்மக்காவின் பக்கம் நீட்டினார். அவள் எழுந்து வாங்கிக்கொண்டாள். திட்ட வேண்டும்போல இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் அவள் செய்யவில்லை.

"நாலு மணிக்குப் பாப்பா பையோட வாசல்ல நிக்கும்," என்றார் அப்பா. "விசிலை மாட்டிக்கிட்டு."

"நான் போறேன்ப்பா."

"தாத்தா எங்கேன்னு கேக்கும்."

ஸ்டோர்க்காரர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்து, எதைத் துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"டிரைவர் இன்னைக்குத்தான் ரிட்டயர் ஆனாருன்னு சொல்லிடு," என்றார் அப்பா. சொல்லிவிட்டு, டாக்ஸி எந்தப் பக்கம் நிற்கும் என்று அம்மாவிடம் கேட்டார்.